முதல் வரிக்காரரின் கையெழுத்து

அத்தியாயம் 17

திங்கட்கிழமை பள்ளிச் சுவரில் பட்டியல் ஒட்டப்பட்டதிலிருந்து எல்வி அத்தை யெல்னியிடம் பேசியது மொத்தம் மூன்று சொற்கள். ‘சாப்பிடு’ என்று ஒரு தரம். ‘கதவைச் சாத்து’ என்று ஒரு தரம்.

வியாழக்கிழமை காலையில்தான் வாயைத் திறந்தாள்.

“இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்திக்கோ.”

யெல்னியின் தட்டில் இலையில் பொதிந்து வேகவைத்த அரிசிக்கட்டித் துண்டுகளின் மேல் தேங்காய்ப்பால் குழம்பு ஏற்கெனவே விளிம்பு வரை நின்றது. அதற்கு மேலும் ஒரு கரண்டி விழுந்தது. திட்டப் போகிறவர்கள் இப்படிக் குழம்பு ஊற்றுவதில்லை. கேட்கப் போகிறவர்கள்தான் ஊற்றுவார்கள்.

“நீ கெட்டிக்காரி” என்றாள் அத்தை. “பத்தொன்பதாவது இடம். நுழைவுத் தேர்வு எழுதியே நீ உள்ள போயிடுவே. நாதிராவால அது முடியாது. மூணு மணி நேரம் உக்காந்து எழுதினா இவளுக்குக் கை நடுங்கும்.”

“அம்மா, நான் இங்கதான் இருக்கேன்” என்றாள் நாதிரா.

“இருக்கேன்னு தெரியுது. சாப்பிடு. பத்தாம் கிளாஸ்ல அந்த டைபாய்டு மட்டும் வராம இருந்திருந்தா இவ நாற்பத்து நாலுல நிப்பாளா? ஒரே ஒரு இடம். ஒரு இடத்துல போச்சு.”

கணக்கு எளிதுதான். கடைசி வகுப்பில் நூற்றெட்டுப் பிள்ளைகள். நுழைவுத் தேர்வு எழுதாமல், ஐந்து பருவ மதிப்பெண்களை மட்டும் காட்டிப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கப் பள்ளி நாற்பத்து மூன்று பேரைத்தான் அனுப்பலாம். நாற்பத்து நான்காவது பெயருக்குப் பட்டியலில் இடமில்லை. ஆனால் மேலே இருக்கும் நாற்பத்து மூன்று பேரில் யாராவது ஒருவர் விலகினால் கீழே இருப்பவர் ஒரு படி ஏறுவார். யார் விலகினாலும் போதும். அந்த நாற்பத்து மூன்று பேரில் எல்வி அத்தையின் வீட்டில் சாப்பிடுகிறவள் ஒருத்திதான்.

“மூணு வருஷமா இந்த வீட்டுல உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா?”

“இல்லை அத்தை.” அது உண்மை. உண்மையாக இருந்ததுதான் சங்கடம்.

“அப்ப நான் ஒண்ணே ஒண்ணு கேக்கலாமில்ல? இன்னிக்கு மூணு மணிதான் கெடு. உங்க மாமா மத்தியானம் விலகல் கடிதத்தை ஸ்கூலுக்குக் கொண்டு வருவாரு. ஸ்டாம்ப் ஒட்டி வெச்சாச்சு. நீ ஒரு கையெழுத்துப் போட்டா போதும்.”

மஸ்ருல் மாமா காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அவர் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை.

“மாமா?” என்றாள் யெல்னி.

“நேரமாச்சு பாரு, கேட்டைப் பூட்டிடப் போறாங்க” என்றார் மாமா கோப்பையைப் பார்த்து.

குடும்ப அட்டையை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தால்தான் யெல்னி மாட்டிக்கொண்டது எப்படி என்று புரியும். ஒரே ஒரு தாள். அதில் ஆளுக்கு ஒரு வரி. முதல் வரி, குடும்பத் தலைவர் மஸ்ருல். இரண்டாம் வரி, மனைவி எல்வி. மூன்றாம் வரி, மகள் நாதிரா. நான்காவது வரியில் யெல்னி. உறவு என்ற கட்டத்தில் ‘மற்றவர்’ என்று இருக்கும்.

மூன்று வருடங்களுக்கு முன்பு அந்த வரி அங்கே இல்லை. யெல்னி அப்போது மலைமேல், வேனில் ஒன்றரை மணி நேரம் தள்ளி, கோட்டோ ரானாவில் அம்மாவின் அட்டையில் இருந்தாள். நகரத்து உயர்நிலைப் பள்ளியோ பக்கத்தில் குடியிருக்கும் பிள்ளைகளை மட்டுமே சேர்க்கும். பக்கமா தூரமா என்று பார்க்க யாரும் நாடா பிடித்து அளப்பதில்லை. அட்டையில் உள்ள முகவரியைத்தான் பார்ப்பார்கள். ஆகவே மஸ்ருல் மாமா ஒரு பிற்பகலில் அக்கா மகளை மலைமேலிருந்து எடுத்துத் தன் அட்டையில் இறக்கினார். குடும்ப அட்டை பதியும் அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்ப்பவர்; அவருக்கு அது பத்து நிமிட வேலை. ஊரே அதைச் செய்தது. அந்த வருடம் அந்தத் தெருவில் மட்டும் ஒன்பது வீடுகளில் புதிதாகப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் வயது பதினைந்து.

யாரும் யோசிக்காத விஷயம் ஒன்று இருந்தது. ஒரு அட்டையிலிருந்து இன்னோர் அட்டைக்குப் போகிறவள் தன் அம்மாவைப் பழைய அட்டையிலேயே விட்டுவிட்டுத்தான் போகிறாள். பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை யெல்னிக்கு இப்போது அம்மா கிடையாது. முதல் வரிக்காரர்தான் உண்டு.

நாதிரா ஸ்கூட்டர் ஓட்ட, யெல்னி பின்னால் உட்கார்ந்தாள். இருவரும் வியாழக்கிழமைச் சீருடையான பத்திக் அச்சுச் சட்டையில் இருந்தார்கள். மூன்று வருடமாக ஒரே அறை, ஒரே ஸ்கூட்டர், ஒரே சோப்பு. பாலம் தாண்டும் வரை இருவரும் பேசவில்லை.

“நீ என்ன செய்யப் போறே?” என்று காற்றோடு கத்தினாள் நாதிரா.

“தெரியல.”

“சீக்கிரம் தெரிஞ்சுக்க. எனக்கு வயிறு வலிக்குது.”

“எனக்கு மட்டும் வலிக்கலையா?”

“உனக்குக் குழம்பு. எனக்கு நெஜமாவே வலிக்குது.”

கேட் பாதி நகர்ந்திருந்தது. காவலர் கம்பியைப் பிடித்தபடி, “இரட்டைப் பிள்ளைகளா, ஓடுங்க ஓடுங்க” என்று சிரித்தார். இருவரின் பள்ளி அடையாள அட்டைகளையும் பார்த்துப் பார்த்து அவருக்கு அது வேடிக்கையாகிவிட்டது: ஒரே வீடு, ஒரே வயது, பிறந்த தேதிகளில் நாலே மாதம் இடைவெளி.

வகுப்பில் நுழைந்ததும் முதல் வேலை கைபேசியைக் கொடுப்பது. கதவின் பின்புறம் தொங்கும் துணியில் எண் தைத்த முப்பத்தாறு பைகள். அவரவர் எண்ணில் அவரவர் கைபேசி. யாருடைய பை காலியாக இருந்தாலும் வாசலிலேயே தெரிந்துவிடும். கடைசி மணி அடிக்கும் வரை எடுக்க முடியாது. ஆக, அன்றைக்கு அம்மாவிடம் பேச வேண்டுமென்றால் யெல்னி வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

அர்வில் மேசைமேல் ஏறி நின்றிருந்தான். முப்பத்தோராவது இடம். வகுப்பின் வாய் அவன்தான்.

“வாங்க வாங்க! கடைசி நாள், கடைசி மணி நேரம்! பட்டியல்லேருந்து விலக விரும்புறவங்க கை தூக்கலாம். நாற்பத்து நாலாவது மேடம் வாசல்லயே நிக்கிறாங்க. காலு வலிக்குதாம்!”

நாதிரா பலகை அழிக்கும் கட்டையை எடுத்து எறிந்தாள். குறி தப்பவில்லை. வெள்ளைப் பொடியோடு அர்வில் கீழே இறங்கினான்.

“நீயே விலகேன்டா” என்றாள் நாதிரா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். யெல்னிக்கு மட்டும் அந்தச் சிரிப்பின் அடியில் இருந்த கெஞ்சல் கேட்டது. “நீ போலீஸ் வேலைக்குத்தானே போகப் போறே. தினம் காலைல ஓடுறே. உனக்கெதுக்குப் பல்கலைக்கழகம்?”

அர்வில் சட்டையைத் தட்டினான். அவன் குரலும் இறங்கியது. “என் கையில இருந்தா குடுத்திருப்பேன், நாதிரா. எங்கப்பா ரெண்டு கதவும் திறந்தே இருக்கட்டும்ங்கிறாரு. கையெழுத்து அவருதானே போடணும்.”

நாதிரா தலையாட்டினாள். அவன் மட்டுமல்ல, செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவள் இன்னும் ஆறு பேரிடம் இப்படிக் கேட்டிருந்தாள் என்று யெல்னிக்குப் பிறகுதான் தெரிந்தது. தன்னிடம் மட்டும் கேட்கவில்லை.

இடைவேளையில் யெல்னி பள்ளி உணவுக்கடைப் பெண்மணியின் கைபேசியை வாங்கிக்கொண்டு எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் போய் நின்றாள்.

மலைமேல் அம்மா எடுத்தபோது பின்னால் ஆவி சீறும் சத்தம் கேட்டது. வெற்றிலையோடு போடும் காசுக்கட்டியைக் காய்ச்சும் கொட்டகையில் வேலை. இலையை வேக வைத்துச் சூடு ஆறுவதற்குள் அழுத்திப் பிழிய வேண்டும். ஆறினால் சாறு இறங்காது; அன்றைய வேலையே வீண். அதனால் அம்மாவின் பேச்சு எப்போதும் அவசரமாகவே இருக்கும்.

“மாமா சொல்றதைக் கேளு” என்றாள் அம்மா, முழுக்கக் கேட்ட பிறகு. “அவன் என் தம்பி. உனக்குக் கெட்டது நினைப்பானா?”

“மாமா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாரும்மா. அதுதான் பிரச்சினை.”

“அவன் பொண்டாட்டி வீட்டுல இருக்கான், யெல்னி. அங்க என்ன பேசுவான்?”

“அப்ப நீங்க வாங்க. இப்ப வேன் ஏறினா மூணு மணிக்குள்ள வந்துடலாம். நீங்க வந்து சம்மதக் கடிதத்துல கையெழுத்துப் போடுங்க.”

“வந்து என்ன செய்ய? அந்தப் பள்ளிக்கூடத்துல நான் யாரு உனக்கு?”

யெல்னி கைபேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

“நுழைவுத் தேர்வு எழுதேன், அத்தை சொல்ற மாதிரி.”

“அதுக்கு ஒரு வருஷமா டியூஷன் போறாங்கம்மா எல்லாரும். நான் ஒரு நாள்கூடப் போகல.”

“அப்படின்னா மேலே வந்துடு. பாத்தாம் தீவுல உங்க சித்தப்பா பொண்ணு வேலை பாக்குற தொழிற்சாலையில ஆள் எடுக்கிறாங்களாம். அது ஒண்ணும் கேவலமில்ல. இலை ஆறுது, வெச்சுடட்டுமா?”

அம்மா வைத்துவிட்டாள்.

மருந்தியல் படிக்க வேண்டுமென்று யெல்னி பத்தாம் வகுப்பிலிருந்தே எண்ணியிருந்தாள். பாடாங்கில், கடலோர நகரத்தில். அந்த வழி இன்று மூன்று மணிக்கு ஒரு கையெழுத்தில் திறக்கும், அல்லது மூடும். அந்தக் கையெழுத்து அவளுடையதுமில்லை.

கடைப் பெண்மணி கைபேசியை வாங்கித் துடைத்தாள். “என்ன, முகம் இப்படி இருக்கு? பொரிச்ச வாழைக்காய் ஒண்ணு தின்னு. காசு நாளைக்குக் குடு.”

“பசிக்கல அக்கா.”

“பசிக்காததுக்குத்தான் வாழைக்காய்.”

இரண்டேகாலுக்கு ஒலிபெருக்கியில் யெல்னியின் பெயர் வந்தது. இயற்பியல் வகுப்பின் நடுவே எல்லாத் தலைகளும் திரும்பின. நாதிராவின் தலை மட்டும் குனிந்தே இருந்தது. ஒன்றும் எழுதாத நோட்டில் எதையோ அடிக்கோடிட்டுக்கொண்டிருந்தாள்.

மாமா வழிகாட்டி ஆசிரியை அறைக்கு வெளியே, நீளமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அலுவலகச் சட்டை. மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை.

“உக்காரும்மா.”

அவள் உட்காரவில்லை.

அவர் உறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். ஒன்று விலகல் கடிதம். ஸ்டாம்ப்பின் மீது பாதியும் தாளின் மீது பாதியுமாக அவர் கையெழுத்து. பக்கத்தில் அவளுக்கான இடம் காலி. இன்னொன்று சம்மதக் கடிதம். பட்டியலில் இருக்கும் பிள்ளை விண்ணப்பிக்கலாம் என்று பாதுகாவலர் கொடுப்பது. அதற்கு ஒரே கையெழுத்துதான். அதையும் போட்டிருந்தார்.

யெல்னி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ரெண்டுலயும் போட்டுட்டேன்” என்றார் மாமா. முகத்தில் கொஞ்சம் நிம்மதி இருந்தது. ராத்திரி முழுக்க யோசித்துக் கண்டுபிடித்த வழி என்பது தெரிந்தது. “நான் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். எதைக் குடுக்கணும்னு நீயே முடிவு பண்ணு. எதைக் குடுத்தாலும் மாமா ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

முதலில் யெல்னிக்கு அழுகை வந்தது. மாமா தன் பக்கம் என்று நினைத்து வந்த அழுகை. அது கண்வரை வருவதற்குள் நின்றுவிட்டது. விலகல் கடிதத்தைக் கொடுத்தால் அத்தையிடம் அவர், ‘அவளாத்தான் குடுத்தா’ என்பார். சம்மதக் கடிதத்தைக் கொடுத்தாலும் அதையேதான் சொல்லுவார், ‘அவளாத்தான் குடுத்தா’. இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டு அவர் வெளியே வந்துவிட்டார். உள்ளே நிற்பது அவள் மட்டும்.

“எனக்கு வேணாம்” என்றாள்.

“எது வேணாம்?”

“ரெண்டும். நீங்களே உள்ள போய்க் குடுங்க.”

“யெல்னி…”

“கார்டுல என்னை எழுதினது நீங்க மாமா. நான் கேக்கல. எழுதினவங்களே சொல்லட்டும், நான் யாருன்னு.”

மாமா சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “அந்த வீட்டுல எனக்கு என்ன இடம்னு உனக்குத் தெரியாதா? வீடு உங்க அத்தையோடது. அவ அம்மாகிட்டேருந்து அவளுக்கு வந்தது, நாளைக்கு நாதிராவுக்குப் போகும். என்னைக் கல்யாணத்தன்னைக்கு அழைச்சிட்டு வந்தாங்க. இருபது வருஷமா விருந்தாளி.”

“தெரியும் மாமா. எனக்கும் அங்க அதே இடம்தான்.”

அவர் மடியிலிருந்த உறையின் ஓரத்தை நேராக்கினார்.

“மூணு மணி வரைக்கும் எந்தத் தாளும் போகலன்னா விலகினதா எடுத்துக்குவாங்களாம், டீச்சர் சொன்னாங்க” என்றாள் யெல்னி. நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று வேகமாகப் பேசினாள். “அதனால நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம். இந்த பெஞ்சிலயே உக்காந்திருங்க. தானா முடிஞ்சிடும். கோட்டோ ரானாவுல எங்க வீட்டுக்கு வந்தா நடுக்கூடத்துல உக்காந்து எல்லாருக்கும் தீர்ப்புச் சொல்வீங்க. அம்மா உங்களைக் கேக்காம ஒரு கோழி விக்க மாட்டாங்க. இங்க ஒரே ஒரு தாள் மாமா.”

எதிர்ச்சுவரில் கடிகாரம் இரண்டு நாற்பது காட்டியது.

மாமா வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு வெகுநேரமாகத் தெரிந்தது. உண்மையில் எட்டு நிமிடம். பிறகு எழுந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, கதவைத் தட்டினார்.

உள்ளே வழிகாட்டி ஆசிரியை மர்தலேனா டீச்சரின் மேசையில் தாள்கள் இரண்டு அடுக்காக இருந்தன. சம்மதம் தந்தவர்களுடையது ஒன்று, இன்னும் பதில் தராதவர்களுடையது ஒன்று; விலகியவர் யாருமில்லை. இரண்டாவது அடுக்கில் மிஞ்சியிருந்தது ஒரே தாள்.

“வாங்க சார். உங்களுக்காகத்தான் உக்காந்திருக்கேன். நான் போய்த் தொழணும், பிள்ளையை நர்சரியிலேருந்து கூப்பிடணும். எது?”

மாமா இரண்டு தாள்களையும் மேசைமேல் வைத்தார்.

“ரெண்டு வெச்சா எப்படி சார்? கடையில மீன் வாங்குற மாதிரி இருக்கு. ஒண்ணு சொல்லுங்க.”

அப்போது கதவருகே நிழல் ஆடியது. வருகைப் பதிவேட்டை வைக்க வந்த நாதிரா. அன்றைய வகுப்புப் பொறுப்பு அவளுடையது. பதிவேட்டை மார்போடு அணைத்தபடி அப்பாவைப் பார்த்தாள். மேசையையும் பார்த்தாள்.

மஸ்ருல் மாமா மகளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தபடியே கையை நீட்டி, சம்மதக் கடிதத்தை டீச்சர் பக்கம் நகர்த்தினார்.

“இதுதானே?”

“அதுதான்.”

விலகல் கடிதத்தை நாலாகக் கிழித்தார். எங்கே போடுவது என்று தெரியாமல் துண்டுகளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

டீச்சர் முத்திரை குத்தினாள். “நல்லது. யெல்னி, கேட்டுக்க. இது முதல் படி. வர்ற செவ்வாய்க்கிழமை இன்னொரு தாள். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடம்னு எழுதி, அதுல பாதுகாவலர் ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்.”

“ரெண்டு பேரும்னா?” என்றாள் யெல்னி.

“கார்டுல இருக்கிற மாதிரி. முதல் வரி, ரெண்டாவது வரி. வீட்டுக்காரரும் வீட்டம்மாவும். பிள்ளை வெளியூர் போகப் போறாள்ல, பிற்பாடு எனக்குத் தெரியாதுன்னு யாரும் சொல்லக் கூடாது பாருங்க.”

யெல்னி திரும்பினாள். கதவருகே யாருமில்லை. பதிவேடு மட்டும் நாற்காலியின் மேல் இருந்தது.

வெளியே வந்ததும் மாமா கேட்டை நோக்கி நடந்தார். தன் பைக் நின்ற பக்கம் போகவில்லை. சாலையைத் தாண்டினார். எதிர்ப்புறம் மலைக்குப் போகும் வேன் நின்றிருந்தது.

“மாமா! எங்க போறீங்க?”

“நாலு நாள் அக்கா வீட்டுல இருந்துட்டு வரேன்.”

“அத்தை கையெழுத்து வேணுமே மாமா! செவ்வாய்க்கிழமை!”

“இன்னிக்கு வியாழன்தானேம்மா” என்றார் அவர். வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். தண்ணீரிலிருந்து தலையை வெளியே எடுத்தவனைப் போல மூச்சு விட்டார். அப்படி ஓர் ஆறுதலை அந்த முகத்தில் யெல்னி இந்த மூன்று வருடத்தில் பார்த்ததில்லை.

அவருக்குப் போக ஒரு வீடு இருந்தது. மனைவி வீட்டில் மனம் கோணினால் ஓர் ஆண் அக்கா தங்கை வீட்டுக்குப் போய்விடலாம்; யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அப்படிப் போனவர் தானாக இறங்கி வருவதில்லை. கல்யாணத்தன்று எப்படி அழைத்து வந்தார்களோ, அதேபோல் மனைவி பக்கத்து ஆள் ஒருவர் மலையேறிப் போய் அழைக்க வேண்டும். அழைக்காமல் வந்தவர் என்ற பெயரோடு எந்த மருமகனும் ஊரில் தலைகாட்ட முடியாது.

யெல்னிக்கு அந்த வசதி இல்லை. அவளுக்குச் சொந்தமான வீட்டுக்கு மாமா போகிறார். மாமா விட்டுப் போன வீட்டுக்கு அவள் திரும்ப வேண்டும். அட்டையில் முகவரி அதுதான்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது நாதிரா ஒன்றும் பேசவில்லை. சிவப்பு விளக்கில் நின்றபோது கைக்குட்டையை எடுத்து ஹெல்மெட் கண்ணாடியின் உட்பக்கத்தைத் துடைத்தாள். வெளிப்பக்கம் சுத்தமாகத்தான் இருந்தது.

அத்தை கூடத்தில் பாய் விரித்து, நாலு தட்டு வைத்திருந்தாள். பச்சை மிளகாய்த் துவையல், பொரித்த கெண்டை மீன். மாலை ஐந்து மணிக்கே சமையல் முடிந்திருந்தது. இன்றைக்கு ஏதோ நல்ல சேதி வரும் என்று எதிர்பார்த்த சமையல்.

“அவர் எங்க?”

இரண்டு பெண்களும் நின்றார்கள்.

“மேல போயிட்டாரு” என்றாள் யெல்னி. “எங்க அம்மா வீட்டுக்கு.”

அத்தை மகளின் முகத்தைப் பார்த்தாள். கேட்க வேண்டியதை அந்த முகத்திலேயே படித்துக்கொண்டாள். குனிந்து ஒரு தட்டை எடுத்தாள். அடுக்களைக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“சாப்பிடுங்க.”

சாப்பிட்டார்கள். யெல்னி நாலாவது கவளத்தில் கையை நிறுத்தினாள். இப்போது கேட்காவிட்டால் இனி வாய் வராது என்று தோன்றியது.

“அத்தை, செவ்வாய்க்கிழமை இன்னொரு தாள் இருக்கு. அதுல உங்க கையெழுத்தும் வேணும்.”

அத்தை மீனின் நடுமுள்ளை உருவினாள். முறியாமல், மெதுவாக, முழுசாக.

“என் பொண்ணு இடத்தை எடுத்துக்கிட்டு, என் கையெழுத்தையும் கேக்குறியா?”

“நான் எடுத்துக்கல அத்தை. அது என் இடம்.” சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

அத்தை கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மீன் துண்டை எடுத்து யெல்னியின் தட்டிலேயே வைத்தாள்.

“சரிதான். உன் இடம்தான். கேக்க வேண்டியவர் வந்து கேக்கட்டும், போடுறேன்.”

“மாமா தானா இறங்கி வர மாட்டாரு அத்தை.”

“நானும் ஏறிப் போக மாட்டேன்.” அத்தை எழுந்தாள். “எனக்கும் கால் இருக்கு. ஆனா அந்த மலைக்கு இல்ல.”

பின்கட்டில் அவள் கோழிகளைக் கூப்பிடும் குரல் கேட்டது. எந்த நாளும் போலவே இருந்தது அந்தக் குரல்.

நாதிரா விரல்களை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்தில் துடைத்தாள்.

“அப்பாவை அழைக்க அம்மாவேதான் போகணும்னு இல்ல” என்றாள், யெல்னியைப் பார்க்காமல். “அம்மா பக்கத்து ஆள் யாரு போனாலும் போதும். வழக்கம் அதுதான்.”

“யாரு இருக்கா?”

“நான் அம்மா பக்கத்து ஆள்தானே. அம்மாவோட குலம்தான் எனக்கும். நான் போய் வாசல்ல நின்னு வாங்கப்பான்னு சொன்னா அவர் வந்துதான் ஆகணும். நாளைக்கே வருவாரு. அவர் வந்து கேட்டா அம்மாவும் போட்டுத்தான் ஆகணும், சொல்லிட்டாங்கள்ல.”

யெல்னியின் கை தட்டிலேயே நின்றது.

நாதிரா எழுந்து தன் தட்டையும் அம்மாவின் தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

“போறேன்னு நான் சொல்லல, யெல்னி” என்றாள். “போக முடியும்னுதான் சொன்னேன்.”